பதின்வயதுப் பிள்ளையுடன் தத்துவம் படிக்கும் முறை

மணிமேகலைக் காப்பியத்தின் மந்திரம் கொடுத்த காதையில், மணிமேகலா தெய்வம் அந்த இளம்பெண்ணை முன்கூட்டியே எச்சரிக்கிறது. பல சமயத்தாரிடமும் சென்று அவரவர் கொள்கையைக் கேட்கவிருக்கிறாய், ஆனால் "இளையள் வளையோள் என்றுனக்கு யாவரும் விளைபொருள் உரையார்" என்கிறது. வளையல் அணிந்த சிறுபெண்தானே என்று எண்ணி ஒருவரும் உன்னிடம் உட்பொருளைப் பேச மாட்டார்கள் என்பது அதன் கருத்து. அதற்காகவே வேற்றுருக் கொள்ளும் மந்திரம் அவளுக்குக் கிடைக்கிறது. பின்னர் வஞ்சி நகரில் தவசி வடிவம் பூண்டுதான் அவள் சமயவாதிகளை ஒவ்வொருவராகக் கேட்டறிகிறாள்.

நம் வீடுகளில் அந்த நிலை இன்றும் பெரிதாக மாறிவிடவில்லை. பதின்மூன்று வயதுக்கும் பதினேழு வயதுக்கும் இடையில் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் மிகப் பெரியவை. செத்தால் என்ன ஆகும், கடவுள் உண்டா, எல்லாரும் ஓடுகிற ஓட்டத்தில் நானும் ஏன் ஓட வேண்டும், நான் நல்லவனா, நல்லவன் என்றால் யார் என்றெல்லாம் கேட்கிறார்கள். நாமோ "முதலில் பத்தாம் வகுப்பை முடி" என்று சொல்லிவிடுகிறோம். இளையர் என்பதற்காகவே விளைபொருளை மறைக்கிறோம். வேற்றுரு எதுவும் எடுக்காமல், பதினைந்து வயதுப் பிள்ளையாகவே அவர்கள் அந்தப் பேச்சுக்குள் வர வேண்டும் என்ற விருப்பத்தில், என் மகளோடும் தெருவிலுள்ள சில பிள்ளைகளோடும் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் படித்து வருகிறேன். அந்த அனுபவத்தில் கற்றுக்கொண்ட முறையைப் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் பயன்படும்படி இங்கே எழுதுகிறேன்.

தொடங்கும் இடம்

"தத்துவம் என்றால் என்ன" என்ற விளக்கத்தோடு தொடங்க வேண்டாம். கிரேக்கத்திலிருந்து வரிசையாக வரலாறு சொல்லவும் வேண்டாம். பிள்ளை தானாகக் கேட்ட ஒரு கேள்விக்காகக் காத்திருந்து, அதைப் பிள்ளையின் சொற்களிலேயே ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதச் செய்யுங்கள். அதுவே முதல் பாடம்.

எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி என் தந்தையின் பதினாறாம் நாள் காரியத்தன்று வந்தது. ஒன்பதாம் வகுப்பில் இருந்த மகள், "தாத்தா இப்ப எங்க இருக்காங்க?" என்று வீட்டில் கண்ட எல்லாரிடமும் கேட்டாள். காக்கைக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்த ஆச்சி, காக்கை வடிவில் தாத்தா வந்துவிட்டார் என்றார். அத்தை, சாமியிடம் போய்விட்டார் என்றார். மாமாவோ இந்த வீட்டிலேயே பேரனாக மறுபடி பிறப்பார் என்றார். கருப்புச் சட்டை அணியும் பெரியப்பா, உடம்போடு எல்லாம் முடிந்தது, அதற்குப் பிறகு எதுவும் இல்லை என்றார். என் மனைவி, நம் நினைப்பில் இருக்கிறார் என்றாள். ஒரே வீட்டில், ஒரே பகல்பொழுதில், ஐந்து பதில்கள். அன்றிரவு அந்த ஐந்தையும் ஒரு பக்கத்தில் எழுதச் சொன்னேன். எது சரி என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு பதிலுக்கும் எதிரே, "இதைச் சொன்னவருக்கு இது எப்படித் தெரியும்?" என்று மட்டும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

அந்த ஒரு கேள்விக்குத் தமிழில் ஆயத்தமான கருவி உண்டு. அறிவு நமக்கு வந்து சேரும் வழிகளை அளவை என்று நம் நூல்கள் வகுத்திருக்கின்றன. காண்டல், கருதல், உரை என்னும் மூன்று அவற்றில் முதன்மையானவை. நேரில் அறிவது காண்டல், அறிந்ததிலிருந்து அறியாததை ஊகிப்பது கருதல், நம்பத்தக்கவர் சொல்லக் கேட்டு அறிவது உரை. இந்த மூன்று சொற்களையும் முதல் மாதத்திலேயே கற்றுக்கொடுத்துவிடுங்கள். வகுப்பில் கேட்டது, கைப்பேசியில் வந்த செய்தி, தோழி சொன்ன ரகசியம் என எதையும் இந்த மூன்றில் எதன்வழி வந்தது என்று பிரித்துப் பார்க்கப் பழகிய பிள்ளை, தான் அறிந்திருப்பதாக நினைத்தவற்றில் பெரும்பகுதி உரைவழி வந்தது என்பதைத் தானே கண்டுகொள்ளும். அதைக் கண்டு திகைக்கவும் செய்யும். அந்தத் திகைப்பை உடனே ஆற்ற முயல வேண்டாம்.

திகைப்பு மிகுந்து, கண்ணால் காணாத எதையும் நம்ப மாட்டேன் என்று பிள்ளை சொல்லத் தொடங்கினால் மணிமேகலையிடம் திரும்புங்கள். காட்சியை மட்டுமே ஏற்பேன் என்று வாதிடும் பூதவாதியிடம், உன் தந்தை தாயரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய் என்று அவள் கேட்கிறாள். பதின்வயதினரிடம் இந்தக் கேள்வி பாய்ந்து வேலை செய்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஒரு மணி நேரத்தை அமைப்பது

வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும். அதற்குமேல் நீட்டினால் அது டியூஷன் ஆகிவிடும். பத்து வரிக்கு மேற்படாத ஒரு பகுதியை எடுத்து, இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள், பின் ஐந்து நிமிடம் யாரும் பேசாமல் இருங்கள். இந்த ஐந்து நிமிடத்தைத்தான் பெரியவர்கள் எளிதில் கெடுக்கிறார்கள். அதன்பின் இருப்பவர்களில் இளையவர் முதலில் பேச வேண்டும். பெரியவர் கேள்வி கேட்கலாம், ஆனால் தம் முடிவைக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு முன் சொல்லக் கூடாது. இந்த விதியை நானே பலமுறை மீறி, பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்து விடை சொல்லத் தொடங்கியதைக் கண்டபின்தான் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறேன்.

பேச்சு வெறும் கருத்துப் பரிமாற்றமாகக் கலைந்துவிடாமல் இருக்க ஒரு வடிவம் தேவை. மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் கற்பிக்கும் அளவை நெறியிலிருந்து மூன்று சொற்களை எடுத்துக்கொள்ளலாம். இம்மலை நெருப்புடையது என்னும் கூற்று பக்கம், புகை உடையதாதலால் என்னும் காரணம் ஏது, அடுக்களை போல என்னும் எடுத்துக்காட்டு திருட்டாந்தம். யார் எதைச் சொன்னாலும் இந்த மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். "கணினிப் பொறியியல் படித்தால்தான் வேலை கிடைக்கும்" என்று ஒரு பையன் சொன்னான். ஏது என்ன என்று மற்றவர்கள் கேட்டார்கள், "எங்க அண்ணனுக்குக் கிடைச்சுதே" என்றான். அது ஏது அன்று, திருட்டாந்தம் மட்டுமே என்று பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி சுட்டிக்காட்டினாள். ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு விதியை எழுப்பிவிட்டோம் என்பதை அவன் அப்போதே ஒப்புக்கொண்டான். அண்ணனைப் போல் படித்தும் வேலை கிடைக்காதவர் உண்டா, அதைப் படிக்காமலே நல்ல வேலையில் இருப்பவர் உண்டா என்று அடுத்த அரைமணி நேரம் அவர்களே தேடினார்கள்.

புகை இருந்தால் நெருப்பு இருக்கும் என்பதையும் கேள்வி கேட்காமல் விட வேண்டாம். மார்கழி விடியலில் குளத்தின்மேல் எழும் பனிமூட்டம் தொலைவிலிருந்து புகையாகவே தெரியும். ஏது சரியாக இருந்தும் நாம் கண்டது புகைதானா என்ற ஐயம் தனியே இருக்கிறது. ஒருவரைப் பற்றித் தவறாக நினைத்துவிட்டு நட்பை முறித்துக்கொண்ட பிள்ளைக்கு இந்தப் பனிமூட்டம் உடனே புரியும்.

எதைப் படிப்பது

முதலில் இரண்டு குறள்களை அருகருகே வையுங்கள். "எப்பொருள் எத்தன்மைத் தாயினும்" என்பது மெய்யுணர்தலில் வருகிறது, "எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்" என்பது அறிவுடைமையில் வருகிறது. இரண்டிலும் பின்பகுதி ஒன்றே. முன்பகுதி மட்டும் ஏன் மாறியது என்று கேளுங்கள். பொருள் எப்படித் தோன்றினாலும் என்பதும், அதை யார் சொன்னாலும் என்பதும் இரு வேறு மயக்கங்களைக் குறிக்கின்றன என்பதைப் பிள்ளைகள் பெரும்பாலும் உதவியில்லாமலே கண்டுபிடித்துவிடுகிறார்கள். மனப்பாடப் பகுதியாக மட்டும் அறிந்திருந்த குறள் அன்றுதான் அவர்களிடம் பேசுகிறது.

அடுத்து, பிளேட்டோவின் குடியரசு நூலில் வரும் கைகஸ் மோதிரக் கதை. லிடியா நாட்டு இடையன் ஒருவனுக்கு, திருகினால் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துபோகும் மோதிரம் கிடைக்கிறது. அதைக் கொண்டு அவன் அரசனைக் கொன்று ஆட்சியைப் பிடிக்கிறான். யாரும் பார்க்க மாட்டார்கள் என்றால் நேர்மையாக இருப்பவர் உண்டா என்பது அதன் கேள்வி. கதையைச் சொல்லிவிட்டு, "மோதிரம் உன்னிடம் இருந்தால் என்ன செய்வாய்?" என்று எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் படித்துக் காட்டக் கட்டாயப்படுத்த வேண்டாம். வினாத்தாளைப் பார்ப்பேன், திரைப்படத்துக்குக் காசில்லாமல் போவேன் என்று பலரும் எழுதினார்கள். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் நோட்டை மடித்து என்னிடம் தந்தான். "மோதிரம் என்கிட்ட ஏற்கெனவே இருக்கு. அம்மா வேலைக்குப் போனப்புறம் தம்பியை அடிக்கிறது யாருக்கும் தெரியாது" என்று எழுதியிருந்தான்.

அந்தப் பக்கத்தை வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தேன். கண்டிக்கவும் தோன்றவில்லை, பாராட்டவும் தோன்றவில்லை. "தன்நெஞ் சறிவது பொய்யற்க பொய்த்தபின் தன்நெஞ்சே தன்னைச் சுடும்" என்ற குறளைக் கீழே எழுதித் திருப்பிக் கொடுத்தேன். அந்த வாரமே அம்மாவிடம் தானே சொல்லிவிட்டதாகப் பின்னர் சொன்னான். தத்துவம் ஒரு பிள்ளையின் வாழ்க்கைப் பார்வையை எப்படி மாற்றுகிறது என்று என்னைக் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். தன் செயலைத் தானே வெளியில் நின்று பார்க்கும் ஓர் இடத்தை அது பிள்ளைக்குத் தருகிறது. அறிவுரையால் அந்த இடத்தை உண்டாக்க முடிவதில்லை, ஏனெனில் அறிவுரையில் பார்ப்பவர் எப்போதும் வேறொருவர்.

மூன்றாவதாகக் கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாடல். முதல் அடியை அறியாத பிள்ளை இல்லை, பதின்மூன்று அடிகளையும் படித்த பிள்ளைதான் அரிது. முழுப் பாடலையும் கொடுத்து, "ஆகலின்" என்ற சொல்லைத் தேடச் சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லில் பாடல் வாதமாக மாறிவிடுகிறது. கல்லில் மோதி ஒலிக்கும் பேராற்றில் நீர்போகும் வழியே போகும் தெப்பத்தைப் போல் உயிர் முறைவழிப் படுகிறது என்று திறவோர் காட்சியில் தெளிந்தோம், ஆகலின் பெரியோரை வியத்தலும் இலம், சிறியோரை இகழ்தல் அதனினும் இலம் என்று முடிகிறது. பக்கமும் ஏதுவும் திருட்டாந்தமும் இருக்கின்றன. தாமிரபரணியில் வெள்ளம் போவதைப் பாலத்தில் நின்று பார்த்த பிள்ளைகளுக்கு அந்தத் திருட்டாந்தம் விளக்கம் இல்லாமலே விளங்கியது. "திறவோர் காட்சி என்றால் அவர் தாமே கண்டதில்லையே, அப்படியானால் இது உரைதானே" என்று என் மகள் கேட்டாள். பல ஆண்டுகளாக இந்தப் பாடலைச் சொல்லி வந்த எனக்கு அது தோன்றியதே இல்லை.

மதிப்பெண் பட்டியலாலும், பின்தொடர்வோர் எண்ணிக்கையாலும், அணியும் காலணியாலும் ஒருவரையொருவர் ஓயாமல் அளந்துகொள்ளும் வயது அது. வியக்கவும் வேண்டாம், இகழவும் வேண்டாம் என்ற முடிவு ஒரு காரணத்தோடு வந்து நிற்பதைக் காணும்போது, அதை நல்லுரையாக ஒதுக்கிவிட அவர்களால் முடிவதில்லை. அந்தக் காரணம் சரியா என்று சண்டை போடவாவது செய்கிறார்கள்.

அதே பாடலில் "தீதும் நன்றும் பிறர்தர வாரா" என்ற அடி வந்தபோது, பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி, "பஸ்ல ஒருத்தன் தொந்தரவு பண்ணினா அதுவும் எனக்கு நானே வரவச்சதா சார்?" என்று கேட்டாள். இத்தகைய கேள்வி வரும்போது நூலைக் காப்பாற்ற முயலாதீர்கள். அந்த அடியை அப்படிப் பொருள்கொண்டால் அது அநியாயம் என்று நான் வெளிப்படையாகச் சொன்னேன். அந்த அடியை எந்த எல்லைவரை ஏற்கலாம் என்பதை அன்று முழுவதும் பேசினோம், முடிவு எட்டவில்லை. பழைய நூலை மதிப்பதும் அதனோடு முரண்படுவதும் ஒன்றாக இருக்க முடியும் என்பதை அவர்கள் கண்ணெதிரே காண வேண்டும்.

இதே எச்சரிக்கை எபிக்டெட்டஸைப் படிக்கும்போது இன்னும் தேவை. ரோமில் அடிமையாக இருந்து விடுதலை பெற்று, பின்னர் கிரேக்கத்தின் நிகோபோலிஸில் ஆசிரியரான அவருடைய போதனைகளை மாணவர் அர்ரியன் தொகுத்தார். அவர் தொகுத்த கையேடு, சில நம் வசத்தில் உள்ளன, சில நம் வசத்தில் இல்லை என்ற பிரிவோடு தொடங்குகிறது. பொதுத்தேர்வுக்கு முந்திய மாதத்தில் இதைப் படியுங்கள். ஒரு தாளை நடுவில் மடித்து, ஒரு பக்கம் என் வசத்தில் உள்ளவை, மறுபக்கம் இல்லாதவை என்று எழுதச் செய்யுங்கள். படிக்கும் நேரம், தூக்கம், சந்தேகத்தைக் கேட்பது ஆகியவை ஒரு பக்கம் போகும். வினாத்தாளின் கடினம், திருத்துபவரின் மனநிலை, பக்கத்து வீட்டுப் பையனின் மதிப்பெண் ஆகியவை மறுபக்கம் போகும். அச்சம் குறைகிறதோ இல்லையோ, அதன் உருவம் தெரிந்துவிடுகிறது. ஆனால் இரண்டாம் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைக் கவனமாகப் பாருங்கள். வகுப்பில் சாதி சொல்லிப் பேசுவது, அடிப்பது, தொடுவது போன்றவற்றை ஒரு பிள்ளை "என் வசத்தில் இல்லை" என்று எழுதிப் பொறுத்துக்கொள்ளப் பார்க்கலாம். அந்தப் பிள்ளையின் வசத்தில் இல்லாதது நம் வசத்தில் இருக்கிறது. அன்றைக்குப் பாடத்தை நிறுத்திவிட்டுப் பள்ளிக்குப் போக வேண்டியது நாம்.

சாக்ரடீஸின் வழக்கை ஆண்டின் பிற்பகுதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கி.மு. 399இல் ஏதென்ஸ் நகரம் அவர்மீது சுமத்திய குற்றங்களில் ஒன்று இளைஞரைக் கெடுத்தார் என்பது. தப்பிச் செல்ல நண்பர் கிரிட்டோ வழிசெய்தும் அவர் மறுத்து நஞ்சருந்தினார். மறுத்தது சரியா என்று கேட்டுவிட்டால் போதும், நீங்கள் வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை.

வழியில் வரும் இரண்டு பருவங்கள்

இரண்டு மூன்று மாதங்களில் பிள்ளை எல்லாரோடும் வாதாடத் தொடங்கும். ஆச்சி நகம் வெட்டக் கூடாது என்றால் "ஏது என்ன?" என்று கேட்கும். வாதத்தை முதன்முதலாகச் சுவைத்த இளையவர்கள், அருகில் வருபவரையெல்லாம் கடித்திழுக்கும் நாய்க்குட்டிகளைப் போல நடந்துகொள்வார்கள் என்று பிளேட்டோவே எழுதியிருக்கிறார். இதை அதட்டி அடக்கினால், அதிகாரம்தான் கடைசி ஏது என்று கற்பித்தவர்கள் ஆவோம். அதற்குப் பதிலாக ஒரே ஒரு விதியை வையுங்கள். எவரையும் மறுக்கும் முன் அவர் சொல்வதை, அவரே "ஆமாம், அதுதான் நான் சொன்னது" என்று ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்ல வேண்டும். ஆச்சியின் பேச்சை ஆச்சி ஒப்பும்படி சொல்ல, ஆச்சியிடம் அரைமணி நேரம் உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கும். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

இரண்டாவது பருவம் கடினமானது. எதற்கும் அடிப்படை இல்லை, எதைச் செய்து என்ன என்ற எண்ணம் சில பிள்ளைகளுக்கு வரும். பெரும்பாலும் அது சிந்தனையின் இயல்பான ஒரு கட்டம். உடனிருந்து, "எதைச் செய்து என்ன என்பதும் ஒரு பக்கம்தானே, அதற்கு ஏது என்ன?" என்று அதையும் மற்றவற்றைப் போலவே நேர்மையாக ஆராய வேண்டும். ஆனால் பிள்ளை சாப்பாடும் தூக்கமும் குறைந்து, நண்பர்களை விட்டு ஒதுங்கி, சாவைப் பற்றித் தன்னைச் சேர்த்துப் பேசினால், அது தத்துவம் பேசித் தீர்க்கும் விஷயம் அன்று. நோட்டில் எழுதுவதை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று நான் தந்த வாக்குக்கு இது ஒன்றுதான் விலக்கு என்று முதல் நாளிலேயே சொல்லிவைத்திருக்கிறேன். தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, தமிழ்நாட்டில் 104 ஆகியவற்றிலும் பேசலாம்.

பிள்ளை சாமி கும்பிடுவதை விட்டுவிடுமோ என்று பெற்றோர் சிலர் அஞ்சுவதும் எனக்குத் தெரியும். சிலர் விடுகிறார்கள், சிலர் முன்னைவிட ஈடுபாட்டோடு கோயிலுக்குப் போகிறார்கள், இரண்டையும் கண்டிருக்கிறேன். முடிவு இன்னதாகத்தான் இருக்க வேண்டும் என்று மனத்தில் வைத்துக்கொண்டு தொடங்குவதாயின், தொடங்காமல் இருப்பதே பிள்ளைக்கு நாம் காட்டும் மரியாதை.

பள்ளியில் இதற்கு இடமில்லையே என்று வருந்தும் ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி. பிரான்சில் பொதுப்பிரிவில் பள்ளியிறுதி ஆண்டு படிக்கும் எல்லா மாணவர்களும் தத்துவம் படித்து, நான்கு மணி நேரத் தேர்வு எழுதுகிறார்கள். அறிவியல் எடுத்தவருக்கும் விலக்கில்லை. நம் மேல்நிலைப் பள்ளிகள் சிலவற்றில் அறவியலும் இந்தியப் பண்பாடும் என்ற பாடம் இருக்கிறது. இல்லாத இடத்திலும் தமிழாசிரியர் நினைத்தால் மாதம் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்க முடியும், பாடநூலிலேயே குறளும் மணிமேகலையும் இருக்கின்றன.

ஆண்டு முடிவில் புதிய பாடம் எதுவும் வேண்டாம். நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பி, அன்று எழுதியதன் கீழே இன்று தோன்றுவதை வேறு நிற மையில் எழுதச் சொல்லுங்கள். என் மகள் பதினோராம் வகுப்புக்குப் போன பிறகு அந்த ஐந்து பதில்களுக்குத் திரும்பினாள். நான்குக்கு எதிரே கருதல், உரை என்று பச்சை மையில் பிரித்து எழுதியிருந்தாள். மறுபிறப்புக்கு எதிரே உரை, பெரியப்பாவின் பதிலுக்கு எதிரே "கருதல், ஆனால் ஏது முழுமையாக இல்லை". காக்கைக்கு எதிரே மட்டும் இப்படி எழுதியிருந்தாள்: "ஆச்சி தினமும் சோறு வைக்கிறாங்க. இதுக்கு ஏது கேட்கக் கூடாதுன்னு தோணுது. ஏன் கேட்கக் கூடாதுன்னு தெரியல. அடுத்த ஞாயிறு பேசணும்."